கணினி முன் உட்கார்ந்தால் எரிச்சலும் தலைவலியும்: மின்காந்தமா காரணம்?

தம்பி, நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு வயது 42. செம்பனை எண்ணெய் ஆலையில், லாரிகள் எடை போடும் இடத்து ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. காலை எட்டு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தால் பத்து மணிக்குள் கண் எரிகிறது, நெற்றிப்பொட்டு வலிக்கிறது, கன்னம் சிவந்து சூடாகிறது, விரலில் சுருசுருவென்று ஏதோ ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் ஒன்றும் இல்லை. இது 'மின்காந்த ஒவ்வாமை' என்று யாரோ சொல்ல, 180 வெள்ளி கொடுத்துத் திரையில் ஒட்டும் ஸ்டிக்கர் ஒன்று வாங்கினீர்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்து மறுபடி வந்துவிட்டது. இப்போது வீட்டு வைஃபை பக்கத்தில் போனாலும் தலை கனக்கிறது என்கிறார், வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறார். அப்படி ஒரு நோய் உண்டா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எனக்குக் கேட்டது வேறு: அவர் படுகிற வேதனை நிஜமா, நிஜமென்றால் எதனால், வேலையை விட்டால் தீருமா?

நான் ஆப்டோமெட்ரி படித்தவன், இங்கே மலேசியாவில், பகாவ் என்ற ஊரில் இருபது வருடத்துக்கு மேலாகக் கண் பரிசோதிக்கிறேன். தோட்ட ஆபீஸ், ஆலை, பள்ளிக்கூடம், வங்கி என்று திரை முன் உட்காருகிறவர்கள்தான் என்னிடம் வருபவர்களில் பெரும்பங்கு. கண்ணும் பார்வையும் என் தொழில். மருத்துவர் இல்லை, மின்சாரத் தொழிலும் என்னுடையது இல்லை. அந்த இரண்டு இடத்திலும் யாரிடம் போக வேண்டும் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, அவரை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்குத் தயக்கமே இல்லாமல் பதில் சொல்லலாம். வேதனை நிஜம். 'மனப்பிரமை, சும்மா இரு' என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். இந்த மாதிரி தொந்தரவோடு வருகிறவர்களில் நடிக்கிறவரை நான் பார்த்ததில்லை. பல பேர் ஏழெட்டு மாதம் வாயைத் திறக்காமல் பொறுத்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

எதனால் என்பதுதான் பெரிய கேள்வி. இந்தப் பேச்சு நேற்று வந்ததில்லை. 1980-களில் ஸ்வீடனிலும் நார்வேயிலும், அப்போதிருந்த பெட்டி போன்ற திரைகளின் முன் வேலை செய்தவர்கள் முகம் எரிகிறது, தடிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் குழாய்த் திரைகளுக்குள் 10,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். முன்கண்ணாடியில் நிலைமின்சாரம் ஏறி, தூசியை இழுக்கும். கையைக் கிட்டே கொண்டுபோனால் ரோமம் சிலிர்த்து நிற்கும், உங்களுக்கும் ஞாபகம் இருக்கலாம். அந்தப் புகார்களால் ஸ்வீடனில் 1990-ல் எம்.பி.ஆர். 2 என்ற அளவுமுறையும், அப்புறம் தொழிற்சங்கத்தின் டி.சி.ஓ. தரச்சான்றும் வந்தன, திரைகளைச் சுற்றி உண்டாகும் மின்காந்தப் புலம் வெகுவாகக் குறைந்தது. இன்று உங்கள் மனைவி முன் இருப்பது தட்டைத் திரை. அந்தக் குழாயும் இல்லை, அந்த உயர் மின்னழுத்தமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், 30 சென்டிமீட்டர் தூரத்தில் கணினியின் காந்தப்புலம் 0.01 மைக்ரோடெஸ்லாவுக்கும் கீழே. அதே தூரத்தில் டியூப் லைட் 0.5 முதல் 2 வரை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு, பொதுமக்களுக்கென்று 2010-ல் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் வைத்த வரம்பு 200. அதாவது அந்த அறையில் புலத்தால்தான் உடம்பு நோகிறது என்றால், திரையைவிட முதலில் தலைக்கு மேல் இருக்கும் விளக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் அளவு குறைவு என்பது மட்டும் போதாது. சிலருக்குக் குறைந்த அளவும் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. அதைத்தான் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தங்களுக்கு இந்த உணர்திறன் இருக்கிறது என்று சொல்கிறவர்களையே உட்கார வைத்து, புலத்தை ஒரு நேரம் போடுவது, ஒரு நேரம் போடாமல் விடுவது. போட்டிருக்கிறதா இல்லையா என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது, பல சோதனைகளில் பக்கத்தில் நின்று குறிப்பெடுப்பவருக்கும் தெரியாது. இங்கிலாந்தில் 2005-ல் இப்படிப்பட்ட 31 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள், மொத்தம் 725 பேர். 24-ல் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மீதி ஏழில் ஏதோ தெரிந்தது, ஆனால் அவற்றில் இரண்டை அதே ஆய்வாளர்கள் மறுபடி செய்தபோது அந்த முடிவு வரவில்லை, மற்றவை புள்ளிவிவரக் கணக்கால் வந்த போலித் தோற்றமாகத் தெரிந்தன அல்லது ஒன்றுக்கொன்று முரண்பட்டன. 2010-ல் மறுபடி தொகுத்தபோது 46 சோதனைகள், 1,175 பேர். முடிவு மாறவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2005-ல் அதே நிலையைத்தான் எடுத்தது: அறிகுறிகள் உண்மை, சிலரை அவை முடக்கியும் போடலாம், ஆனால் அவற்றை மின்காந்தப் புலத்தோடு இணைக்க அறிவியல் அடிப்படை இல்லை, இது ஒரு மருத்துவக் கண்டறிதலும் அல்ல.

இந்தச் சோதனைகளில் என் கவனத்தில் நிற்பது வேறு ஒன்று. புலம் போடாத நேரத்திலும் அவர்களுக்குத் தலை வலித்தது, தோல் எரிந்தது. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில், வைஃபை ஆபத்து பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பாதிப் பேருக்கும், சம்பந்தமில்லாத வேறொன்றை மீதிப் பேருக்கும் காட்டிவிட்டு, எல்லோரையும் 15 நிமிடம் 'வைஃபை'யில் உட்கார வைத்தார்கள். உண்மையில் எந்த அலையும் போடவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் அறிகுறி சொன்னார்கள். எந்த நிகழ்ச்சியைப் பார்த்தார்கள் என்பதும், இயல்பிலேயே எவ்வளவு கவலைப்படுகிறவர்கள் என்பதும் சேர்ந்து அதை மாற்றின. பயந்து எதிர்பார்க்கும் உடம்பு உண்மையான வலியையே உண்டாக்கும். உங்கள் ஸ்டிக்கர் இரண்டு வாரம் வேலை செய்ததும், அது ஓய்ந்தபின் வீட்டு வைஃபையும் பட்டியலில் சேர்ந்ததும் எனக்கு இதைத்தான் நினைவுபடுத்துகின்றன. இன்று திரை, நாளைக்கு வைஃபை, அப்புறம் ஹேண்ட்போன், கடைசியில் வீட்டுக்கு வெளியே போகவே பயம் என்று இது விரியக்கூடியது. அதனால்தான் அவர் வேலையை விடப் போகிறார் என்று படித்ததும் இவ்வளவு நீளமாக எழுதத் தோன்றியது.

சந்தேகத்துக்கு இடமுள்ள பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தச் சோதனைகள் பெரும்பாலும் சில நிமிடங்கள், சில மணி நேரம் நடந்தவை. வருடக்கணக்கில் என்ன ஆகும் என்பதற்கு அவை நேரடிப் பதில் ஆகாது. ஆனால் உங்கள் மனைவி சொல்வது இரண்டு மணி நேரத்தில் வரும் தொந்தரவு, அந்த வகையைத்தான் அவை சோதித்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பான ஐ.ஏ.ஆர்.சி. 2002-லும் 2011-லும் இந்தப் புலங்களை 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம்' என்ற 2பி வகையில் வைத்தது என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். வைத்தது உண்மை. அது புற்றுநோய் பற்றிய தனிக் கேள்வி, கண் எரிச்சலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

சரி, புலம் இல்லை என்றால் என்ன? திரை முன் உட்காருவதில் உடம்பை வருத்தும் உண்மையான காரணங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் பலவற்றை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடலாம். 'மின்காந்தம்' என்று பெயர் வைத்தவுடன் இந்தத் தேடல் நின்றுபோகிறது. அதில்தான் எனக்கு வருத்தம்.

கண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1993-ல் ஜப்பானியக் கண் மருத்துவர்கள் இமைப்பை எண்ணினார்கள். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 22 தடவை, புத்தகம் படிக்கும்போது 10, திரையைப் பார்க்கும்போது 7. இமைக்காத கண்ணில் கண்ணீர்ப் படலம் காய்கிறது. என் அறையில் இதைப் பார்க்கும் விதத்தைச் சொல்கிறேன். மஞ்சள் சாயம் தோய்ந்த சிறு காகிதத் துண்டை நனைத்து, கீழ் இமையில் லேசாகத் தொட்டு எடுப்பேன். இரண்டு மூன்று முறை இமைக்கச் சொல்லிவிட்டு, 'இனி மூடாதீர்கள்' என்று சொல்லி நீல விளக்கில் பார்த்தால் கருவிழி முழுக்கப் பச்சையாக மினுங்கும். எண்ணிக்கொண்டே இருப்பேன். ஓரிடத்தில் கரும்புள்ளி ஒன்று தோன்றும், பிறகு கோடாக ஓடும், படலம் அங்கே கிழிந்துவிட்டது என்று அர்த்தம். 10 விநாடிக்குள் கிழிந்தால் படலம் நிலைக்கவில்லை என்று எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க ஏர்கோன் காற்று முகத்தில் படும்படி உட்காருகிறவர்களுக்கு நாலைந்து விநாடியில் கிழிவதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். அவர்களுக்குக் கண் மட்டும் இல்லை, கன்னமும் காய்ந்து எரியும். உங்கள் மனைவியின் மேசைக்கு மேலே ஏர்கோன் எந்தப் பக்கம் வீசுகிறது என்று நாளைக்கே பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்கு அதிலேயே பாதி விடை இருக்கலாம்.

ஆலைக்கென்று உள்ள சங்கதி ஒன்று உண்டு. பாய்லரில் எரிப்பது செம்பனை நாரும் கொட்டை ஓடும். அந்தக் கரித்தூளும் நார்த்தூசியும் லாரிக்குக் கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும். காய்ந்த கண்ணில் அது பட்டால் எரிச்சல் இரண்டு மடங்கு. கண் சிவப்பைப் போக்கும் என்று மருந்துக்கடையில் விற்கிற சொட்டு மருந்தைத் தொடர்ந்து போட வேண்டாம், விட்டதும் சிவப்பு கூடிவிடும். செயற்கைக் கண்ணீர் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் மருந்து சேர்க்காத வகை நல்லது. இரவில் வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் இமையோர எண்ணெய்ச் சுரப்பிகள் இளகிக் கொடுக்கும்.

அடுத்தது வயது. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் பார்க்கும் சக்தி எல்லோருக்கும் குறையும். அவருடைய வேலையை நினைத்துப் பாருங்கள்: ஜன்னல் வழியாக லாரி நம்பர், அடுத்த நொடி திரையில் எடை, அதற்கடுத்து கையில் உள்ள சீட்டின் பொடி எழுத்து, மறுபடி ஜன்னல். மூன்று தூரம், நாளெல்லாம். கண்ணாடி இல்லாமலோ பழைய கண்ணாடியோடோ இதைச் செய்தால் பொட்டு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தெளிவாகத் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம், கண் தசை திணறிக்கொண்டு தெளிவாகக் காட்டும், வலி பிறகு வரும். மேலும் கீழும் இரு பவர் உள்ள கண்ணாடி போட்டிருந்தால், திரையைப் பார்க்கத் தாடையைத் தூக்குகிறாரா என்று கவனியுங்கள். அந்தக் கழுத்து வலி தலையின் பின்புறம் ஏறி முன்னால் வந்து நிற்கும்.

விளக்கையும் விட்டுவிட முடியாது. சோக்கும் ஸ்டார்ட்டரும் வைத்த பழைய டியூப் லைட், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 தடவை மின்னும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் நரம்புக்குத் தெரிகிறது. 1989-ல் இங்கிலாந்தில் ஓர் ஆபீஸில், ஊழியர்களுக்குச் சொல்லாமல், இந்த வகையையும் மிக வேகமாக மின்னும் வகையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். வேகமாக மின்னும் விளக்கில் தலைவலியும் கண் வலியும் பாதிக்கும் கீழே குறைந்தன. சில திரைகளும் வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் விநாடிக்குச் சில நூறு தடவை அணைந்து எரியும். வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன்னால் பேனாவை வேகமாக விசிறிப் பாருங்கள். மங்கலான பட்டையாகத் தெரியாமல் தனித்தனிப் பேனாக்களாகத் தெரிந்தால் திரை மின்னுகிறது. வெளிச்சத்தை முழுக்க ஏற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். இந்தத் திரை மின்னல் எத்தனை பேரை வருத்துகிறது என்பதில் டியூப் லைட் அளவுக்கு உறுதியாகப் பேச முடியாது, ஆனால் காசு செலவில்லாத சோதனை.

விரலில் ஓடும் சுருசுருப்பு கண் சம்பந்தப்பட்டதில்லை, ஆனாலும் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். மேசைக் கணினியின் இரும்புப் பெட்டிக்கு எர்த் இணைப்பு இல்லாவிட்டால், உள்ளேயுள்ள வடிகட்டிகள் வழியாக மெல்லிய மின்சாரம் பெட்டிக்கு வரும். பெட்டி 110, 120 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் தூக்கி அடிக்காது, தோலில் மெல்லிய அதிர்வாகத் தெரியும். மூன்று முள் பிளக்கை அடாப்டரில் மாட்டி இரண்டு முள்ளாக்கியிருந்தால், எர்த் அறுந்த நீட்டிப்பு வயர் போட்டிருந்தால், பழைய லயத்து வீடு மாதிரி எர்த்தே இல்லாத கட்டடமாக இருந்தால் இது நடக்கும். இதுவும் மின்சாரம்தான், ஆனால் காற்றில் வரும் அலை இல்லை, பழுதான இணைப்பு. இன்னொரு கோளாறு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. நீங்கள் தொட்டுச் சோதிக்க வேண்டாம். ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் இருப்பார், அந்த மேசையின் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருந்தால், சுருசுருப்பு எந்த விரல்களில் என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரலில் இருந்து, இரவில் எழுப்பி, கையை உதறினால் குறைகிறது என்றால் மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாக இருக்கலாம். சர்க்கரை நோயிலும் தைராய்டு குறைவிலும் அது கூடுதலாக வரும்.

அதனால் அரசாங்க கிளினிக்குக்கு ஒரு நடை அவசியம். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தச்சோகை, தைராய்டு இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். 42 வயதுப் பெண்ணுக்குத் தலை கனப்பும் களைப்பும் இரும்புச்சத்துக் குறைவால் வருவது நம்மிடையே சாதாரணம். கன்னச் சிவப்பு நிலையாக நின்றால், சின்னக் கொப்புளம் வந்தால், தோல் டாக்டர் பார்க்க வேண்டியது. கண்ணில் கடும் வலியோடு விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தாலோ, பார்வை திடீரென்று மங்கினாலோ, உடம்பின் ஒரு பக்கம் மரத்துப்போனாலோ, இதுவரை வராத கடும் தலைவலி வந்தாலோ இந்தப் பட்டியலையெல்லாம் ஒதுக்கிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வைஃபை சந்தேகத்தை வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம், அவர் மனம் ஒப்பினால் மட்டும். அவரைப் பொய்யாக்குவதற்கு அல்ல, அவருக்கே விடை தெரிவதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். வைஃபை பெட்டியின் விளக்கு தெரியாதபடி மறைத்துவிட்டு, எல்லோருடைய ஹேண்ட்போனையும் அணைத்துவிடுங்கள். பிள்ளைகளில் ஒருவர் அடுத்த அறையில் 20 சென் காசைச் சுண்டி, பூ விழுந்தால் போட்டும் தலை விழுந்தால் அணைத்தும் வைத்து எழுதிக்கொள்ளட்டும். நீங்களும் பார்க்கக் கூடாது. அரை மணி நேரம் கழித்து, வைஃபை ஓடியதா இல்லையா என்று உங்கள் மனைவி தன் தாளில் எழுதட்டும். ஒரு நாளைக்கு ஒன்றாகப் பத்து தடவை. குருட்டாம்போக்கில் சொன்னால் ஐந்தை ஒட்டித்தான் வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவது தற்செயலாக நூற்றில் ஒரு தடவைதான் நடக்கும், அப்படி வந்தால் நானே மறுபடி யோசிப்பேன்.

ஸ்டிக்கருக்கு இனிக் காசு போட வேண்டாம், அலுமினியத் திரைச்சீலைக்கும் வேண்டாம். வேலையை விடுவது பற்றி: இப்போது விட்டால் ஏர்கோனும் விளக்கும் எர்த்தும் சோதிக்கப்படாமலே போகும், 'விட்டதும் சரியாயிற்று, அப்போ மின்காந்தம்தான்' என்ற முடிவு நிலைத்துவிடும். அப்புறம் அடுத்த வேலையிலும் திரை இருக்கும். 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டம். 'கதிர்வீச்சு' என்று எழுதிக் கொடுத்தால் கோப்பில் தூங்கும். 'ஏர்கோன் முகத்தில் அடிக்கிறது, டியூப் லைட் பழசு, எர்த் பார்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தால் செய்து கொடுக்க அவர்களுக்கும் சுலபம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். எர்த் மட்டும் உடனே. மற்றதை வாரத்துக்கு ஒன்றாக மாற்றி, தலைவலி வந்த நேரத்தை நாள்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தால் எது உதவியது என்று தெரியும். எல்லாம் சரி செய்தும் பயம் விடாமல் வலி தொடர்ந்தால், பயத்துக்கும் வலிக்கும் உள்ள முடிச்சைப் பேசி அவிழ்க்கும் மனநல சிகிச்சை சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. கிளினிக் டாக்டரிடம் கேட்டால் அனுப்பி வைப்பார். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

கண் பரிசோதனைக்கு எங்கே போனாலும், கண்ணிலிருந்து திரைக்கும், கண்ணிலிருந்து சீட்டுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளவு நாடா வைத்து அளந்து எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அவர் வழக்கமாக உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருக்க, பக்கவாட்டில் நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏர்கோனும் ஜன்னலும் அதில் தெரியட்டும். பழைய கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டு போகட்டும். இவை கையில் இருந்தால் பரிசோதிப்பவர் அந்த மேசைக்குப் பொருத்தமான பவரைக் கணக்கிட முடியும், இல்லாவிட்டால் படிப்பதற்கென்று பொதுவாக வைத்திருக்கும் 40 சென்டிமீட்டருக்கு எழுதிக் கொடுத்துவிடுவார், திரை மறுபடி மங்கலாகவே தெரியும்.